பெட்டிக்குள் ஒரு கலகம்

2016 நவம்பர் 26-ம் தேதி. நாமெல்லாம் ஏ.டி.எம். வாசலில் கால் கடுக்க வரிசையில் நின்றுகொண்டிருந்த நாட்கள். அதே நேரம் லண்டனில் ஒருவர், தேம்ஸ் நதியில் படகை நிறுத்தி, அதில் பழைய சாமான்களைக் குவித்து, பத்திரிகைக்காரர்களை எல்லாம் வரவழைத்து, நெருப்பு வைத்தார். துணிமணிகள், போஸ்டர்கள், அபூர்வமான ஒலிப்பதிவுகள்... எரிந்ததன் மதிப்பு 50 லட்சம் பவுண்டு என்று அவரே கணக்கும் சொன்னார். நம் காசில் 40 கோடிக்கு மேல்.

லண்டன் போகி!

கொளுத்தியவர் பெயர் ஜோ கோரே. சாமான்ய ஆள் இல்லை. அப்பா மால்கம் மெக்லாரன், ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ என்ற இசைக்குழுவின் மேனேஜர். அம்மா விவியன் வெஸ்ட்வுட், அந்தக் குழு போட்டுக்கொண்ட கிழிந்த சட்டைகளை வடிவமைத்தவர். அந்தக் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது 1976 நவம்பர் 26. சரியாக நாற்பது வருஷம் கழித்து, அதே தேதியில், பிள்ளை குடும்பச் சொத்துக்குத் தீ வைத்தார்.

காரணம், கோபம். அந்த வருஷம் முழுக்க லண்டனில் பங்க் இசைக்கு நாற்பதாம் ஆண்டு விழா நடந்தது. மேயர் அலுவலகத்தின் ஆதரவு. பிரிட்டிஷ் லைப்ரரியில் கண்காட்சி. அரசாங்கத்தையும் மகாராணியையும் திட்டிப் பாடிய பசங்களுக்கு அரசாங்கமே மாலை போடுகிறது என்றால் என்ன அர்த்தம்? பங்க் செத்துவிட்டது, இது திவசம் என்று அர்த்தம். அதனால் எரித்தேன் என்றார். (இவரே உள்ளாடைக் கம்பெனி நடத்தி, விற்று, பெரும் பணக்காரர் ஆனவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

‘பங்க்’ என்றதும் உங்களுக்கு பெட்ரோல் ஞாபகம் வந்தால் தப்பில்லை. வயதானவர்களுக்கு எண்பதுகளில் பிள்ளைகள் வைத்துக்கொண்ட ‘பங்க்’ முடியும், அதற்கு அப்பாவிடம் வாங்கிய அடியும் ஞாபகம் வரலாம். நான் சொல்வது அந்த முடிக்கும் மூத்த பங்க். எழுபதுகளின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய ஒரு இசை.

அந்தக் காலத்து ராக் இசை ரொம்பப் பணக்காரத்தனமாக ஆகியிருந்தது. லாரி லாரியாகக் கருவிகள். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. கிதாரில் ஒருவர் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் நாம் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம். கேட்கிற பையன் ‘ஆஹா’ என்று வாயைப் பிளக்கலாமே தவிர, நாமும் இப்படி வாசிக்கலாம் என்று கனவிலும் நினைக்க முடியாது.

பங்க் வந்து அந்தச் சுவரை உதைத்தது. மூன்று கார்டு தெரியுமா? போதும். அதுவும் தெரியாதா? மேடையில் ஏறு, வாசிக்கும்போது தெரிந்துகொள்ளலாம். 1977-ல் இங்கிலாந்தின் ஒரு சின்ன ரசிகர் பத்திரிகை, கிதாரில் மூன்று கார்டுகளுக்கு விரல் வைக்கும் இடத்தைப் படமாகப் போட்டு, போய் ஒரு பேண்ட் ஆரம்பி என்று சொன்னது. பாடத்திட்டம் அவ்வளவுதான். நம் ஊரில் சரளி வரிசை தாண்டி வர்ணம் வருவதற்குள் வருஷக்கணக்காகிவிடும். இவர்கள் திங்கட்கிழமை கிதார் வாங்கி வெள்ளிக்கிழமை கச்சேரி செய்தார்கள். கேட்க எப்படி இருக்கும்? வெள்ளிக்கிழமை கச்சேரி மாதிரிதான் இருக்கும். ஆனால் அதில் ஒரு உயிர் இருந்தது.

‘ராமோன்ஸ்’ கதையைக் கேளுங்கள். நியூயார்க்கில் குயின்ஸ் பகுதியைச் சேர்ந்த நாலு பேர். அண்ணன் தம்பிகள் இல்லை, ஆனால் நாலு பேரும் ராமோன் என்ற ஒரே குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். கறுப்புத் தோல் ஜாக்கெட், முட்டி கிழிந்த ஜீன்ஸ். முதல் ஆல்பத்தை 1976 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் பதிவு செய்தார்கள். செலவு 6,400 டாலர். 14 பாட்டு. எல்லாம் சேர்த்து 29 நிமிஷம். ஒரு பாட்டு பிடிக்கவில்லை என்று முகம் சுளிப்பதற்குள் அடுத்த பாட்டு வந்துவிடும். அமெரிக்கப் பட்டியலில் அது எட்டிய உச்சம் 111-வது இடம்.

அந்த ஆல்பம் ஐந்து லட்சம் பிரதி என்ற கணக்கைத் தொட்டு ‘கோல்ட்’ சான்றிதழ் வாங்கிய வருஷம் எது தெரியுமா? 2014. முப்பத்தெட்டு வருஷம்! அதற்குள் ஜோயி 2001-லும், டீ டீ 2002-லும், ஜானி 2004-லும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஏப்ரல் 2014-ல் சான்றிதழ் வந்தபோது மிச்சம் இருந்தவர் டிரம்ஸ் வாசித்த டாமி ஒருவர்தான். அவரும் ஜூலையில் காலமானார்.

2016-ல், அதாவது தேம்ஸில் படகு எரிந்த அதே வருஷம், இந்த 29 நிமிஷ ஆல்பத்துக்கு நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு வந்தது. மூன்று சி.டி., ஒரு எல்.பி. அன்றைய தயாரிப்பாளர் கிரெய்க் லியோனே புதிதாகச் செய்துகொடுத்த மோனோ ஒலிக்கலவை, பாட்டுகளின் ஆரம்ப வடிவங்கள், கச்சேரிப் பதிவுகள், புத்தகம். மொத்தம் 19,760 பிரதிகள் மட்டும், ஒவ்வொன்றுக்கும் நம்பர். 1976-க்குப் பக்கத்தில் ஒரு சைபர் போட்டு இந்த எண்ணிக்கையைக் கண்டுபிடித்த விற்பனை அதிகாரிக்கு அந்த வருஷம் நல்ல இன்க்ரிமென்ட் கிடைத்திருக்கும்.

உயிரோடு இருந்தபோது வாங்காதவர்கள், நாலு பேரும் போனபிறகு நம்பர் போட்டு வாங்குகிறார்கள். ராமோன்ஸுக்கு இசைத்தட்டைவிட டி-ஷர்ட்தான் அதிகம் விற்றது என்று சொல்வார்கள். அமெரிக்க ஜனாதிபதியின் முத்திரையைப் பார்த்து அர்த்தூரோ வேகா வரைந்த அந்த வட்டமான கழுகுச் சின்னத்தைப் பாண்டி பஜாரில்கூடப் பார்க்கலாம். போட்டிருக்கிற பையனிடம் ஒரு பாட்டின் பெயரைக் கேட்டுவிடாதீர்கள். பாவம். அவர்கள் ஆரம்ப நாட்களில் வாசித்த சி.பி.ஜி.பி. என்ற நியூயார்க் கிளப் 2006-ல் மூடப்பட்டது. 2008-ல் அந்த இடத்தில் திறந்தது என்ன? விலை உயர்ந்த ஆண்கள் துணிக்கடை.

இதைவிட வேடிக்கை செக்ஸ் பிஸ்டல்ஸ் சமாசாரம். 1977 மார்ச் 10-ம் தேதி பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் மேஜை போட்டு, ஏ அண்ட் எம் என்ற கம்பெனியோடு ஒப்பந்தக் கையெழுத்து போட்டார்கள். ஆறே நாளில் கம்பெனி பயந்துபோய் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. மகாராணியைக் கிண்டல் செய்யும் ‘காட் சேவ் தி குவீன்’ இசைத்தட்டு அதற்குள் 25,000 பிரதி தயாராகிவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள், சில பிரதிகள் தவிர. தப்பிப் பிழைத்த அந்தப் பிரதிகள் பிறகு ஒவ்வொன்றும் பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் போயின. மே மாதம் வேறு கம்பெனியான வெர்ஜின் அதே பாட்டை வெளியிட்டது. பி.பி.சி. தடை செய்தது. அப்படியும் பட்டியலில் இரண்டாவது இடம். உண்மையில் அதுதான் முதல் இடம், மகாராணியின் வெள்ளிவிழா வாரம் என்பதால் ஏதோ தில்லுமுல்லு செய்துவிட்டார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறவர்கள் உண்டு.

2012-ல் அவர்களுடைய ஒரே ஸ்டுடியோ ஆல்பத்துக்குப் பெரிய பெட்டி வந்தது. உள்ளே ஒரு பரிசு: அழிக்கப்பட்ட அந்த ஏ அண்ட் எம் இசைத்தட்டின் அச்சு அசலான நகல்! பயந்து நொறுக்கிய பொருளையே பட்டுத்துணியில் சுற்றித் தருகிற மாதிரி. 2022-ல் மகாராணி பட்டத்துக்கு வந்து எழுபது வருஷம் ஆனபோது பாட்டு மறுபடி வெளியானது. ஊரே விழா கொண்டாட, திட்டுப் பாட்டும் விழா மலரில் ஒரு பக்கம் ஆகிவிட்டது.

சரி, இதையெல்லாம் பார்த்து நானும் ஜோ கோரேயோடு சேர்ந்து தீப்பெட்டியைத் தேட வேண்டுமா? அங்கேதான் எனக்கு ஒரு சிக்கல். என்னிடம் ஒரு கேசட் இருந்தது.

எண்பதுகளில் இளைஞர்களாக இருந்தவர்களுக்குத் தெரியும். தெருவுக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர். பேப்பரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், சி-60 கேசட்டில் பதிந்து தருவார்கள். பக்கத்துக்கு 30 நிமிஷம். காலேஜில் என்னோடு படித்த ஒருவனின் மாமா கப்பலில் வேலை பார்த்தார். அவர் கொண்டுவந்த எல்.பி. ஒன்றை எனக்காகக் கேசட்டில் பதிந்து கொண்டுவந்தான் அவன். ‘கிளாஷ்’ என்ற லண்டன் குழுவின் ‘லண்டன் காலிங்.’ 1979 டிசம்பரில் வந்த இரட்டை ஆல்பம்.

போட்டுக் கேட்ட இரண்டாவது நிமிஷம், “இது என்னடா, பாட்டா, சண்டையா?” என்றேன்.

“முதல்ல முழுசாக் கேளு. அப்புறம் திட்டு.”

முழுசாகக் கேட்க முடியாது என்பதுதான் விஷயம். ஆல்பம் 65 நிமிஷம், கேசட் 60. ‘ஏ’ பக்கத்தில் பத்தாவது பாட்டு தொடங்கின கொஞ்ச நேரத்தில் டக்கென்று நின்றுவிடும். ‘பி’ பக்கத்தில் இன்னொரு மர்மம். எல்.பி. அட்டையைப் பார்த்து அவன் பால்பாயின்ட் பேனாவில் நம்பர் போட்டு எழுதியிருந்தது 18 பாட்டு. ஆனால் பதினெட்டும் முடிந்தபிறகு, பட்டியலில் இல்லாத ஒரு பாட்டு கிளம்பும். துள்ளலான தாளம், ரயில் ஓடுகிற மாதிரி மவுத் ஆர்கன். நாம் தலையாட்ட ஆரம்பிக்கும்போது டேப் தீர்ந்துவிடும்.

பெயரில்லாத அந்த அரைப் பாட்டோடு நான் பல வருஷம் வாழ்ந்தேன். பஸ்ஸில் போகும்போது முனகுவேன். பாதியில் நிறுத்திவிட்டு, மிச்சம் எப்படிப் போகும் என்று நானே ஒரு மெட்டு கட்டுவேன்.

2004-ல் லண்டன் காலிங் ஆல்பத்துக்கு 25-ம் ஆண்டுப் பதிப்பு வந்தது. அதில்தான் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டேன். பெயர், ‘ட்ரெயின் இன் வெயின்.’ பட்டியலில் ஏன் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கடைசி நேரத்தில் ஆல்பத்தில் சேர்த்த பாட்டு. அதற்குள் அட்டை அச்சாகிவிட்டது! என் நண்பன் மேலும் குற்றமில்லை, ரெக்கார்டிங் சென்டர் மேலும் குற்றமில்லை. மிச்சப் பாதி நான் கட்டிய மெட்டு மாதிரி இல்லை. அவர்களுடையது கொஞ்சம் பரவாயில்லை.

ஆகவே மறுபதிப்புகளை ஒரேயடியாகத் திட்ட எனக்கு வாய் வராது. அந்தப் பதிப்பு தந்தது அது மட்டுமில்லை. உடன் இன்னொரு சி.டி. இருந்தது. அதன் கதை இன்னும் அழகு.

ஆல்பத்தைப் பதிவு செய்வதற்கு முன்னால், 1979 கோடையில், கிளாஷ் குழு லண்டன் பிம்லிகோ பகுதியில் ‘வனில்லா’ என்ற ஒத்திகைக் கூடத்தில் பாட்டுகளை உருவாக்கியது. அதைச் சாதாரண நாலு டிராக் கருவியில் பதிவு செய்து, தயாரிப்பாளரிடம் கொடுத்துவிட்டு வா என்று உதவியாளர் ஜானி கிரீனிடம் கொடுத்தார்கள். அவர் பாதாள ரயிலில் தூங்கிவிட்டார். எழுந்தவர் இறங்கிப் போனார். டேப் ரயிலோடு போனது. அவ்வளவுதான், தொலைந்தது என்று கால் நூற்றாண்டு எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2004-ல் கிதார் வாசித்த மிக் ஜோன்ஸ் பழைய பெட்டிகளை இடம் மாற்றும்போது, இன்னொரு பிரதி அகப்பட்டது. அதிலிருந்து 21 பாட்டுகளைப் புதிய பதிப்பில் சேர்த்தார்கள்.

கேட்டால் சுமார்தான். இரைச்சல். சில பாட்டுக்கு வார்த்தையே இல்லை. என் கேசட்டில் அறுந்துபோன பத்தாவது பாட்டு, பேஸ் கிதார் வாசித்த பால் சிமனன் எழுதியது. அது இந்த டேப்பில் ‘பாலோட ட்யூன்’ என்ற பொருளில் வெறும் மெட்டாக இருக்கிறது. பெயர் வைப்பதற்கு முன்னாலான குழந்தை! ஒரு பெரிய ஆல்பம் வானத்திலிருந்து இறங்கவில்லை, நாலு பேர் ஒரு வேனல்காலத்தில் வியர்க்க வியர்க்கத் தடவித் தடவிக் கண்டுபிடித்தது என்பது இந்த மட்டமான டேப்பில் தெரிகிற அளவுக்குச் சுத்தமான ஆல்பத்தில் தெரியாது. கேட்கும்போது, அட, இவ்வளவுதானா, நானும் முயற்சி செய்யலாமே என்று தோன்றுகிறது.

பங்க் சொல்ல வந்ததே அதுதானே?

இந்த கிளாஷ் ஆட்களுக்கு விலை விஷயத்தில் ஒரு பிடிவாதம் உண்டு. இரட்டை ஆல்பத்தை ஒற்றை ஆல்பத்தின் விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று கம்பெனியோடு சண்டை போட்டு, லண்டன் காலிங்கை 5 பவுண்டுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருஷம் ‘சாண்டினிஸ்டா!’ மூன்று எல்.பி., 36 பாட்டு. அதையும் கிட்டத்தட்ட ஒன்றின் விலைக்கே கொடுக்க வைத்தார்கள். அதற்காக முதல் 2 லட்சம் பிரதிகளுக்கான ராயல்டியை விட்டுக்கொடுத்தார்கள். ரசிகன் வேலையில்லாத பையன், அவன் பையில் இருக்கிற காசுக்குத்தான் பாட்டு என்பது கொள்கை. இதற்கு முன்னால், 1977-ல் பெரிய கம்பெனியில் ஒரு லட்சம் பவுண்டுக்குக் கையெழுத்துப் போட்டபோது, பங்க் இன்றோடு செத்தது என்று ஒரு பங்க் பத்திரிகை ஆசிரியரே திட்டியிருந்தார். அந்தத் திட்டுக்கு ராயல்டியில் பதில் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

2013-ல் அதே குழுவின் பெரும்பெட்டி வந்தது. பெயர், ‘சவுண்ட் சிஸ்டம்.’ தோளில் தூக்கிப்போகிற அந்தக் கால டேப் ரெக்கார்டர் வடிவத்தில், பால் சிமனனே வடிவமைத்தது. 11 சி.டி., ஒரு டி.வி.டி., பேட்ஜ், ஸ்டிக்கர், கழுத்தில் மாட்டும் தகடு, சிகரெட் மாதிரி குழாயில் போஸ்டர். மிக் ஜோன்ஸ் மூல நாடாக்களிலிருந்து ஒலியைப் புதுப்பிக்கும் வேலையில் கூடவே இருந்தார். ஒலி அபாரம். முன்பு மங்கலாகக் கேட்ட கிதார் இப்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறது. விலை, 100 பவுண்டை ஒட்டி. அன்றைய கணக்கில் பத்தாயிரம் ரூபாய்.

இன்னொரு விசேஷம், மிக் ஜோன்ஸை வெளியேற்றிய பிறகு 1985-ல் குழு போட்ட கடைசி ஆல்பம் அந்தப் பெட்டியில் இல்லை. கல்யாண ஆல்பத்தில் சண்டைக்கார மாமாவின் படத்தை மட்டும் உருவிவிடுவோமே, அந்த மாதிரி.

1977-ல் பதினேழு வயதில் இதைக் கேட்டவனுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. வீட்டுக் கடன் முடிந்திருக்கும். கோபம் போய்விட்டது, கோபமாக இருந்த காலத்தின் மேல் பாசம் இருக்கிறது. கம்பெனிக்கு அவனைத் தெரியும். எல்.பி.யாக வாங்கினான், கேசட்டாக வாங்கினான், சி.டி.யாக வாங்கினான், பெட்டியாகவும் வாங்குவான். அவன் மேல் எனக்குப் புகார் இல்லை. வாங்கட்டும், கண்ணாடி அலமாரியில் கொலு வைக்கட்டும். நவராத்திரி முடிந்தால் பொம்மையை நாம் பரணில் ஏற்றுகிறோம், இவர்கள் ஏற்றுவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

சிமனன் 1979-ல் நியூயார்க் மேடையில் ஆத்திரத்தில் அடித்து உடைத்த கிதாரே 2019-ல் லண்டன் மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. உடைத்தவன் கோபத்தை விட்டுவிட்டு உடைந்த கட்டையைப் பாதுகாக்கிறோம்.

யோசித்துப் பார்த்தால், படகில் கொளுத்தியவரும் இதையேதான் செய்தார். பங்க் என்பது அந்தச் சட்டையிலும் போஸ்டரிலும் இருக்கிறது என்று நம்பினால்தானே அதைக் கொளுத்தி ஏதோ சொல்ல முடியும்? ஒருவர் அதைப் பெட்டியில் பூட்டுகிறார், ஒருவர் நெருப்பில் போடுகிறார். இரண்டு பேருமே பொருளைத்தான் பார்க்கிறார்கள். விலையும் சரியாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

விலை தெரியாமல் வைத்துக் காப்பாற்றிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் டேவிட், பாபி, டேனிஸ் ஹாக்னி என்று மூன்று சகோதரர்கள். கறுப்பினக் குடும்பம். அப்பா ஒரு போதகர். அந்த ஊரில் கறுப்பினப் பையன்கள் என்றால் மோடவுன் பாணியில் பாட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். இவர்கள் வீட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அசுர வேகத்தில் ராக் வாசித்தார்கள். அப்பா விபத்தில் இறந்துபோக, அந்தத் துக்கத்தில் மூத்தவர் டேவிட் குழுவுக்கு ஒரு பெயர் வைத்தார்: ‘டெத்.’ மரணம்.

1975-ல் ஏழு பாட்டு பதிவு செய்தார்கள். ராமோன்ஸ் ஆல்பத்துக்கு முந்தின வருஷம் என்பதைக் கவனியுங்கள். முன்பு கொலம்பியா கம்பெனியின் தலைவராக இருந்த கிளைவ் டேவிஸுக்குப் பாட்டு பிடித்திருந்தது, பெயரை மாற்றச் சொன்னார். டேவிட் முடியாது என்றார். கதை முடிந்தது. 1976-ல் கைக்காசு போட்டு 500 பிரதி மட்டும் ஒரு சின்ன இசைத்தட்டு போட்டார்கள். யாரும் வாங்கவில்லை, ரேடியோவில் யாரும் போடவில்லை. தம்பிகள் வெர்மான்ட் மாகாணத்துக்குப் போய்க் குடும்பஸ்தர்கள் ஆகி, ரெகே வாசித்தார்கள். டேவிட் டெட்ராய்ட்டுக்கே திரும்பினார். சாவதற்கு முன்னால் மூல நாடாக்களைத் தம்பி பாபியிடம் ஒப்படைத்து, ஒருநாள் உலகம் இதைத் தேடி வரும், பத்திரமாக வை என்றாராம். 2000-ல் நுரையீரல் புற்றுநோயில் இறந்துபோனார்.

உலகம் தேடி வந்தது. அந்த 500-ல் மிஞ்சிய சில பிரதிகள் சேகரிப்பாளர்கள் கையில் ஏலம் போய், பாட்டு மெள்ளப் பரவி, பாபியின் மகன் காதில் விழுந்தது. யாரோ பாடுகிறார்கள், குரல் அப்பா குரல் மாதிரி இருக்கிறதே! கேட்டதும்தான் விஷயம் வெளியே வந்தது. பிள்ளைகளிடம்கூட அவர் அதுவரை சொன்னதில்லை. 2009-ல் டிராக் சிட்டி என்ற சின்னக் கம்பெனி, ஏழு பாட்டையும் ஆல்பமாக வெளியிட்டது. முப்பத்துநாலு வருஷம் கழித்து ஒரு முதல் ஆல்பம். பெட்டி கிடையாது, பேட்ஜ் கிடையாது. பங்க் எங்கே தொடங்கியது, யார் தொடங்கினார்கள் என்ற சரித்திரத்தில் மூன்று கறுப்புப் பையன்களுக்கு இடம் கிடைத்தது. டேவிட் பார்க்கவில்லை.

மறுபதிப்பு என்ற தொழிலுக்கு நியாயம் என்று ஒன்று இருந்தால் அது இந்த மாதிரி வேலைதான். ஏற்கெனவே நாலு தடவை வாங்கினவனுக்கு ஐந்தாவது தடவை விற்பது வியாபாரம். கேட்காதவன் காதில் போய்ச் சேர்ப்பது இசை. என் அரைப் பாட்டு முழுசானது, தொலைந்த ஒத்திகை டேப் திரும்பியது, ஹாக்னி சகோதரர்கள் பெயர் வெளியே வந்தது... இதையெல்லாம் நான் இரண்டாவது கணக்கில் எழுதுகிறேன். நம்பர் போட்ட பெட்டி முதல் கணக்கில் போகட்டும்.

அந்த இரண்டாவது கணக்கில் இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1976 டிசம்பர் 28-ம் தேதி, மான்செஸ்டரில் ‘பஸ்காக்ஸ்’ என்ற குழு, கம்பெனி எதையும் நம்பாமல், 500 பவுண்டு கடன் வாங்கி நாலு பாட்டைப் பதிவு செய்தது. பெயர், ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்.’ அட்டைப்படம் போலராய்டு கேமராவில் எடுத்தது. 1,000 பிரதி போட்டார்கள், விற்றுத் தீர்ந்தது, மேலும் போட்டு 16,000 வரை போனது. பின்னட்டையில் ஒரு விஷயம் செய்திருந்தார்கள். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது டேக், மேலே என்ன சேர்த்தோம் என்று அச்சடித்திருந்தார்கள். சமையல்காரர் சாம்பார் பக்குவத்தைப் பாத்திரத்தின் மேலேயே எழுதி அனுப்புகிற மாதிரி. பார்த்த பையன்கள், ஓஹோ, இவ்வளவுதானா என்று தாங்களும் கடன் வாங்கினார்கள். இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான சின்ன இசைக் கம்பெனிகள் முளைத்ததற்கு அந்த நாலு பாட்டு ஒரு விதை. 2017-ல் அதையும் மறுபடி வெளியிட்டார்கள். அதே நாலு பாட்டாக, அதே பின்னட்டைக் குறிப்போடு.

கேசட்டில் பாட்டைப் பதிந்து கொடுப்பது இசையையே கொன்றுவிடும் என்று பிரிட்டிஷ் இசைத்தட்டுக் கம்பெனிகள் எண்பதுகளில் பெரிய பிரசாரம் செய்தன. அவர்கள் கணக்குப்படி என் நண்பனும் நானும் கொலைக் குற்றவாளிகள். அந்தச் சமயத்தில், 1981-ல், கலிஃபோர்னியாவின் ‘டெட் கென்னடிஸ்’ என்ற பங்க் குழு ஒரு கேசட் வெளியிட்டது. எட்டுப் பாட்டையும் ஒரே பக்கத்தில் அடக்கிவிட்டு, மறுபக்கத்தைக் காலியாக விட்டார்கள். நீங்களே ஏதாவது பதிந்துகொள்ளுங்கள் என்று.

நான் பார்த்த எந்தப் பெட்டியிலும் அந்தக் காலிப் பக்கம் மட்டும் இல்லை.